நின்று போன வாட்சைத் திறக்கும் முன்
(தொழில் கற்போம் – பாடம்)



சென்ற மாதத் தொகுப்புக் கூட்டங்களில் மூன்று குழுக்களில் இருந்து ஒரே கேள்வி வந்தது. "மேடம், வாட்ச் ரிப்பேர் கத்துக்கலாமா? உள்கடன் போட்டு சாமான் வாங்கலாமா?" என்று கேட்டார்கள். ஒரு சகோதரி தன் மாமனாரின் பழைய எச்எம்டி வாட்சை முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தார். "இதத் தொறந்து பாத்து கத்துக்கிடுறேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி திரும்ப முடிந்து வைக்கச் சொன்னேன். ஏன் வேண்டாம் என்று அன்றைக்குச் சொல்ல நேரம் இல்லை. அதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நின்று போன பழைய வாட்சுகளில் பெரும்பாலானவை உடைந்து போனவை அல்ல. உள்ளே போட்ட எண்ணெய் காய்ந்து பசையாகி, அதில் தூசி ஒட்டி நின்று போனவை. அதைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் ஓடும். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் அவசரப்பட்டுத் திறந்தால், அதுவரை இல்லாத ஒரு உடைசலை அவரே உண்டாக்கி விடுவார். ஆகவே தொடக்கத்தில் நாம் கற்க வேண்டியது வாட்சை ஓட வைப்பது இல்லை. இருக்கிற பழுதோடு புதுப் பழுதைச் சேர்க்காமல் பிரித்து, திரும்பப் பூட்டுவதுதான்.

எந்த வாட்சைப் பற்றிப் பேசுகிறோம்?

வாட்ச் இரண்டு வகை. செல் போட்டு ஓடுவது ஒன்று. இப்போது நாம் கட்டுவதில் பெரும்பகுதி அதுதான். தினமும் சாவி கொடுத்து ஓடுவது மற்றொன்று. இந்தப் பாடம் சாவி கொடுக்கும் வாட்சைப் பற்றியது.

நம் நாட்டில் சாவி வாட்ச் என்றாலே எச்எம்டிதான் நினைவுக்கு வரும். 1961ல் ஜப்பான் நாட்டு சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் அரசு நிறுவனமான எச்எம்டி வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. ஜனதா, பைலட், கோஹினூர் என்று பல பெயர்களில் வந்தன. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு, பத்தாவது பாஸான பையனுக்கு, ரிட்டயர் ஆகிறவருக்கு என்று வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. செல் வாட்ச் வந்த பிறகு விற்பனை குறைந்தது. 2016ல் எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தது. ஆனால் விற்ற வாட்சுகள் எங்கும் போய்விடவில்லை. பீரோவுக்குள், டிரங்குப் பெட்டிக்குள் நின்றபடி இருக்கின்றன.

உள்ளே என்ன நடக்கிறது?

இதைப் புரிந்து கொள்ளாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூடாது.

வாட்சுக்குள்ளே ஒரு வட்ட டப்பா இருக்கும். அதற்குள் ஏறக்குறைய ஒரு அடி நீள எஃகுப் பட்டை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இதுதான் மெயின் ஸ்பிரிங். நாம் சாவி கொடுக்கும்போது இதை இறுக்கிச் சுற்றுகிறோம். இறுகிய பட்டை விரியப் பார்க்கும். அந்த வேகம்தான் வாட்சை ஓட்டுகிறது. நமது குழுச் சேமிப்புப் பெட்டி போல என்று வைத்துக் கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை போடுகிறோம், மறுநாள் வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம்.

எடுப்பதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டுமே! இல்லாவிட்டால் சுற்றி வைத்த ஸ்பிரிங் சில நொடியில் விரிந்து, முட்கள் பம்பரம் போல் சுற்றி நின்றுவிடும். ஸ்பிரிங் டப்பாவில் இருந்து வரும் வேகம் பல் சக்கரங்கள் வழியாகக் கடைசிச் சக்கரத்துக்கு வருகிறது. அந்தச் சக்கரத்தின் வாசலில் நங்கூரம் மாதிரி ஒரு சின்னத் துண்டு உட்கார்ந்திருக்கும். இதற்கு பேலட் என்று பெயர். ரேஷன் கடை வாசலில் ஒருவர் நின்று கொண்டு "ஒவ்வொருத்தரா வாங்க" என்று விடுவது போல, இது ஒவ்வொரு பல்லாகத்தான் விடும். எப்போது விடுவது என்று பேலட்டுக்குச் சொல்வது பேலன்ஸ் சக்கரம். முடி போன்ற மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கோடு அது இப்படியும் அப்படியும் ஊசலாடிக் கொண்டே இருக்கும். நாம் காதில் வைத்துக் கேட்கும் டிக் டிக் சத்தம், பேலட் பல்லைப் பிடித்து விடுகிற சத்தம்தான்.

பழைய எச்எம்டி சாவி வாட்சுகளில் மணிக்கு 18,000 டிக். அதாவது நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. சாப்பாடு தூக்கம் இல்லாமல் இத்தனை தடவை ஆடுகிற சக்கரத்தின் அச்சு முனை ஏறக்குறைய நம் தலைமுடி கனம்தான் இருக்கும். சமையல் செய்த கையோடு வந்து அதைத் தொடலாமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, உள்ளே 17 கல் இருக்கிறது, விற்றால் காசு என்று நினைப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே கல் இருப்பது உண்மைதான். ஆனால் அது தொழிற்சாலையில் செய்த செயற்கை மாணிக்கம். நகைக்கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். எஃகு அச்சு பித்தளை மேல் சுற்றினால் சீக்கிரம் தேயும்; மாணிக்கக் கல்லின் துளையில் சுற்றினால் உராய்வு குறைவு, தேய்மானமும் குறைவு. அதற்காகத்தான் கல். யாராவது "வாட்ச் கல்லை எடுத்துத் தருகிறேன்" என்று வந்தால் நம்பி வாட்சைக் கொடுத்து விடாதீர்கள்.

எந்த வாட்சில் கற்பது?

மாமனார் வாட்சில் அல்ல. அப்பா வாட்சில் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் "சும்மா தொறந்து பாரும்மா, கெட்டா பரவால்ல" என்று கொடுப்பதிலும் அல்ல. கெட்ட பிறகு அந்தப் 'பரவாயில்லை' இருக்காது. டவுனில் உள்ள பழைய வாட்ச் கடைகளில் உதிரிப் பாகத்துக்காக ஒரு டப்பா நிறைய செத்த வாட்சுகள் வைத்திருப்பார்கள். அதில் ஒரே மாதிரி மிஷின் உள்ள இரண்டு வாட்சை வாங்குங்கள். இரண்டு எதற்கு என்றால், ஒன்றைப் பிரிக்கும்போது மற்றது பிரிக்காமல் பக்கத்தில் இருக்கும். எந்தச் சக்கரம் எந்த உயரத்தில் இருந்தது என்று பார்த்துக் கொள்ளலாம். ஒன்றில் பாகம் கெட்டால் மற்றதில் எடுக்கலாம். புதிய எச்எம்டி பாகம் தயாரிப்பு நின்று போனதால் கடைக்காரர்களே இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

பெண்கள் வாட்ச் சின்னதாக அழகாக இருக்கிறது என்று அதில் ஆரம்பிக்காதீர்கள். அதன் பாகங்கள் இன்னும் சின்னவை. ஆண்கள் வாட்சில் தொடங்குவதே சுலபம்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. இருட்டில் மின்னும் பூச்சு போட்ட மிகப் பழைய வெளிநாட்டு வாட்ச், அதாவது 1960களுக்கு முந்தியது கையில் கிடைத்தால் திறக்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். இப்போது மின்னாவிட்டாலும் அதன் கதிர்வீச்சு போகாது. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போகக்கூடாது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் இந்தப் பூச்சைத் தீட்டிய வேலைக்காரப் பெண்கள் தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. 1920களில் தாடை எலும்பு அழுகி, இரத்தம் கெட்டு பலர் இறந்தார்கள். அவர்களில் சிலர் கம்பெனி மீது வழக்குப் போட்டது தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு முக்கியமான நிகழ்ச்சி. வாட்ச் வேலை 'சுத்தமான வேலை, உட்கார்ந்து செய்யும் வேலை' என்று சொல்லும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

உட்காரும் இடமும் கருவியும்

மேஜை உயரமாக, ஏறக்குறைய நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். தையல் மிஷின் உயரத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக் கொள்ளும். மின்விசிறியை நிறுத்தி விடுங்கள். வெள்ளைத் தாள் விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். மடியில் ஒரு வெளிர் நிறத் துணியைப் போட்டு அதன் மறுமுனையை மேஜை விளிம்பில் செருகிக் கொள்ளுங்கள். விழும் ஸ்க்ரூ தரைக்குப் போகாமல் துணியில் விழும். கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். பாதி நாள் உழைப்பை ஒரே வீச்சில் தரையில் தள்ளுவது முந்தானைதான். தலையில் எண்ணெய் வைத்த அன்று முடியைத் துணியால் கட்டிக் கொள்வது நல்லது.

கருவிகளில் மூன்றுக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கண்ணில் பொருத்தும் ஐகிளாஸ், நுனி சரியாகச் சேரும் ட்வீசர், 0.8 முதல் 1.6 மி.மீ. வரையிலான சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள். மலிவான டிரைவரின் முனை வளையும், வளைந்த முனை ஸ்க்ரூ தலையைச் சிதைக்கும். மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். காற்று ஊதும் ரப்பர் பந்து, கூராகச் சீவிய மூங்கில் குச்சி, ட்வீசர் முனையைக் குத்திச் சுத்தம் செய்ய ஒரு துண்டு நெட்டி. பாகம் வைக்க நான் சிபாரிசு செய்வது அஞ்சறைப் பெட்டி! கழுவிக் காய வைத்த, மசாலா வாசனை இல்லாத பெட்டியாக இருக்க வேண்டும். தனித்தனிக் குழி, மேலே மூடி. இதைவிட நல்ல பெட்டியைக் கடையில் பார்க்கவில்லை.

முதல் ஒரு வாரம் வாட்சைப் பிரிக்கவே வேண்டாம். பின்மூடியைத் திறந்து, ஒரே ஒரு ஸ்க்ரூவை எடுத்து ட்வீசரால் தூக்கி, குழியில் வைத்து, திரும்ப எடுத்துப் போட்டு இறுக்குங்கள். தினம் ஐம்பது தடவை. ட்வீசரை அழுத்திப் பிடித்தால் ஸ்க்ரூ துள்ளிப் பறக்கும், பிறகு கிடைக்காது. பூ கட்டுகிறவர்களுக்கும் சேலையில் மணி கோர்த்துத் தைக்கிறவர்களுக்கும் இந்தப் பக்குவம் சீக்கிரம் வருகிறது என்பது என் கருத்து.

திறக்கும் முன் விசாரணை

நோயாளியைக் கேட்காமல் ஊசி போடும் டாக்டரிடம் நாம் போக மாட்டோம். வாட்சையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

சாவி கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு சுற்றினாலும் இறுகாமல் சுற்றிக் கொண்டே போனால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், அல்லது கொக்கியை விட்டு நழுவியிருக்கலாம். நன்றாக இறுகி நின்றுவிட்டது, ஆனால் ஓடவில்லை என்றால், "ஓவரா சாவி குடுத்துட்டாங்க, அதான் நின்னு போச்சு" என்று வீட்டில் யாரையாவது திட்டுவார்கள். பாவம், பெரும்பாலும் குழந்தைகள்தான் திட்டு வாங்குவார்கள். முழுதாகச் சாவி கொடுத்ததால் வாட்ச் நிற்பதில்லை. உள்ளே அழுக்கு அடைத்ததால் அந்த வேகம் கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேரவில்லை.

தினமும் ஒரே இடத்தில், உதாரணமாக முள் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று வரும்போது நிற்கிறதா? முள்ளும் முள்ளும் உரசுகின்றன. மிஷினைப் பிரிக்கவே தேவையில்லை. திடீரென்று ஒரு மணிக்குப் பல நிமிடம் முந்தி ஓடுகிறதா? ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கலாம். எண்ணெய் பட்டாலும் ஒட்டும், காந்தம் ஏறினாலும் ஒட்டும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்த வாட்சுக்கும், காந்தப் பூட்டு உள்ள ஹேண்ட்பேக்கில் போட்ட வாட்சுக்கும் இது வரும். பள்ளிப் பிள்ளைகளின் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டு போனால், ஓடும் பேலன்ஸோடு சேர்ந்து அதன் முள் ஆடும். அப்படி ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. அதை இறக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது, கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

பிரிக்கும் முறை

இங்கேதான் நிறைய வாட்சுகள் சாகின்றன. பொறுமையாகப் படியுங்கள்.

எதையும் கழற்றும் முன் மெயின் ஸ்பிரிங்கின் வேகத்தை இறக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது கிர் கிர் என்று சத்தம் வருகிறதே, அது ஸ்பிரிங் பின்னால் திரும்பாமல் பிடிக்கும் ஒரு சின்னக் கொக்கியின் சத்தம். கிளிக் என்பார்கள். சாவியை விரலால் பிடித்து லேசாக முன்னால் திருப்புங்கள். மூங்கில் குச்சியால் கிளிக்கைப் பல்லிலிருந்து விலக்குங்கள். இப்போது சாவி உங்கள் விரலுக்குள்ளேயே பின்னால் திரும்பப் பார்க்கும். விட்டு விடாமல், கிணற்றுக் கயிற்றை இறக்குவது போல மெல்ல மெல்ல விடுங்கள். விரலில் இழுப்பு நிற்கும் வரை.

இதைச் செய்யாமல் பேலட்டைக் கழற்றினால் என்ன ஆகும்? ரேஷன் கடை வாசலில் நின்றவரைத் தூக்கிவிட்ட கதைதான். எல்லாச் சக்கரமும் விர்ரென்று சுற்றும், பல் முறியும், அச்சு முனை ஒடியும். ஒரு நொடியில் முடிந்துவிடும். வேகம் இறங்கியதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. பேலன்ஸை எடுத்த பிறகு, பேலட்டை குச்சி நுனியால் மெல்லத் தள்ளுங்கள். தானாகச் சடக்கென்று மறுபக்கம் தாவினால் உள்ளே இன்னும் வேகம் இருக்கிறது, நிறுத்துங்கள். துவண்டு கிடந்தால் கழற்றலாம்.

அதற்கு முன் மிஷினை வெளியே எடுக்க வேண்டும். சாவியின் தண்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தினால் தண்டு வந்துவிடும். முழுக்கக் கழற்றினால் டயலுக்கு அடியில் உள்ள துண்டு விழுந்துவிடும், அதைத் திரும்ப உட்கார வைக்க டயலையே கழற்ற வேண்டி வரும். முட்களை எல்லாம் 12 மணிக்குக் கொண்டு வந்து, டயல் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து, இரண்டு பக்கமும் சமமாக நெம்பி எடுங்கள். தாள் இல்லாமல் நெம்பினால் டயலில் கோடு விழும். அந்தக் கோட்டை யாராலும் அழிக்க முடியாது.

டயலை எடுத்த பிறகு மிஷினைத் திருப்பிப் போட்டு, பேலன்ஸை முதலில் எடுக்க வேண்டும். அதைத் தாங்கும் பாலத்தின் ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கும்போது, பேலன்ஸ் சக்கரம் ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கிக் கொண்டு வரும். தூளியில் குழந்தை தொங்குவது போல. சுண்டி இழுத்தால் ஸ்பிரிங் நீண்டு கெட்டுப் போகும். மெல்லத் தூக்கி, திருப்பி, குழியில் வைத்து மூடுங்கள். அடுத்து பேலட். அதற்குப் பிறகு சக்கரங்களின் பாலம், சக்கரங்கள், கடைசியில் ஸ்பிரிங் டப்பா.

ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுங்கள். எடுத்த வரிசையில் நோட்டிலும் எழுதுங்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதிப் பழகிய நமக்கு இது புதிது இல்லை. எந்த ஸ்க்ரூ எந்தப் பாலத்தில் இருந்தது என்பதுதான் முக்கியம். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் நீளம் வேறு. நீளமான ஸ்க்ரூவை இடம் மாற்றிப் போட்டால் அடியில் உள்ள சக்கரத்தில் போய் முட்டும்.

கழுவுவதும் எண்ணெய் விடுவதும்

பழைய ஆட்கள் பெட்ரோலில் கழுவுவார்கள். வீட்டில் அடுப்பு உள்ள அறையில் அந்த வேலை கூடவே கூடாது. வெளியே, காற்றோட்டமான இடத்தில், சின்ன மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் மட்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தீப்பிடிக்கக் கூடியதுதான். அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பேலட்டில் உள்ள சின்னக் கற்களை ஒட்டி வைத்திருப்பது அரக்கு! நம் ஊர் ஆசாரிகள் நகைக்கும் கத்திப் பிடிக்கும் பயன்படுத்துகிற அதே அரக்கு வகைதான். ஆல்கஹாலில் ஊற வைத்தால் அரக்கு கரைந்து கல் கழன்று விடும். ஆகவே பேலட்டையும் பேலன்ஸையும் அதில் ஊறப் போடாதீர்கள்.

கழுவிய பிறகு ஒவ்வொரு கல்லின் துளையிலும் கூரான குச்சியை விட்டுத் திருப்புங்கள். குச்சி முனை கறுப்பாக வரும். சீவி விட்டு மீண்டும் திருப்புங்கள். வெள்ளையாக வரும் வரை. அலுப்பான வேலை, ஆனால் ரிப்பேரில் பாதி இதுதான்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். ஒன்று கெட்டியாகும், மற்றது பரவி ஓடிவிடும். வாட்சுக்கென்று மோபியஸ் 9010 போன்ற எண்ணெய்கள் இருக்கின்றன. விலை அதிகம், ஆனால் 2 மி.லி. பாட்டில் நிறைய வாட்சுக்கு வரும். வேகமாகச் சுற்றும் சக்கரத்துக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுற்றி பாரம் தாங்கும் அச்சுக்குக் கெட்டி எண்ணெய். அளவு? ஊசி முனையில் ஒட்டுகிற துளி. கல்லின் குழிவில் அச்சைச் சுற்றி ஒரு வளையம் போல் நிற்க வேண்டும், வழியக் கூடாது. சக்கரப் பல்லுக்கு எண்ணெய் கிடையாது. ஹேர் ஸ்பிரிங்குக்குக் கிடையவே கிடையாது. பேலட்டின் அச்சுக்கும் வேண்டாம். அதன் கல் முகத்துக்கு மட்டும் துளியிலும் துளி. நம் வீட்டுப் பழக்கப்படி "கொஞ்சம் தாராளமா விடுவோம்" என்றால் வாட்ச் நின்றுவிடும்.

பூட்டும்போது

பிரித்ததற்குத் தலைகீழ் வரிசை. சக்கரங்களை வைத்து பாலத்தை மேலே வைத்ததும் ஸ்க்ரூவை இறுக்கத் தோன்றும். இறுக்காதீர்கள். எல்லா அச்சு முனையும் தன் தன் கல் துளையில் உட்கார்ந்ததா என்று ஐகிளாஸ் வழியாகப் பாருங்கள். ஒரு விரலால் பாலத்தை லேசாகத் தாங்கி, ஸ்பிரிங் டப்பாவைக் குச்சியால் சிறிது நகர்த்துங்கள். கடைசிச் சக்கரம் வரை சிணுங்காமல் சுற்றினால்தான் ஸ்க்ரூவைத் திருக வேண்டும். உட்காராத அச்சின் மேல் ஸ்க்ரூவை இறுக்கினால் அது ஒடியும். புதியவர்கள் உண்டாக்கும் பழுதில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பேலட்டைப் போட்டு, நாலைந்து சுற்று சாவி கொடுத்து, பேலன்ஸை இறக்கி வைத்தால், சரியாக உட்கார்ந்த அந்த நொடியில் சக்கரம் தானாக ஆடத் தொடங்கும். யாரும் தள்ளி விட வேண்டியதில்லை. அதைப் பார்த்த பிறகு யாரும் இந்த வேலையை விடுவதில்லை என்று வாட்ச் கடைக்காரர்கள் சொல்வார்கள்.

இரண்டு நாள் ஓடவிட்டு, செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். பேலன்ஸ் பாலத்தின் மேல் கூட்டல், கழித்தல் குறிகளுக்கு நடுவே ஒரு சின்ன நெம்பு இருக்கும். மயிரிழை நகர்த்தினாலே நிமிடக் கணக்கில் மாறும். பழைய சாவி வாட்ச் ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் நல்ல வேலை என்று வைத்துக் கொள்ளலாம். 86,400 நொடியில் 30 நொடி!

சரி, கடன் வாங்கலாமா?

இதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். சாவி வாட்ச் ரிப்பேரை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைப்பது கடினம். நம் வட்டாரத்தில் அதற்கு அவ்வளவு வாட்ச் வராது. தினசரி காசு வருவது செல் மாற்றுவது, ஸ்ட்ராப் மாற்றுவது, செயின் கண்ணி குறைப்பது, கண்ணாடி போடுவது ஆகிய வேலைகளில்தான். பேன்சி ஸ்டோரோ தையல் கடையோ ஏற்கெனவே வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இது நல்ல துணைத் தொழில். சாவி வாட்ச் சர்வீஸ் அதற்கு மேல் வருகிற கைவித்தை. கற்க ஒரு வருடமாவது பிடிக்கும். ஆனால் தெரிந்தவர்கள் குறைந்து கொண்டே வருவதால், தெரிந்தவரைத் தேடி டவுனிலிருந்து கூட வருவார்கள். பழைய எச்எம்டி வாட்சுகளைச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். சந்தையில் டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, நாலு வாட்சின் பாகத்தைச் சேர்த்து 'ஒரிஜினல்' என்று விற்பது அதிகமாகி விட்டதால், நேர்மையாக வேலை செய்பவருக்கு மதிப்பு உண்டு.

ஆகவே குழுப் பொறுப்பாளர்களுக்கு என் யோசனை: முதல் கடன் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கும் பணத்துக்குள் இருக்கட்டும். தொடக்கக் கருவிகளுக்கும் உதிரி வாட்சுகளுக்கும் அது போதும். ஒரே வாட்சை மூன்று முறை பிரித்துப் பூட்டி, மூன்று முறையும் ஓட வைத்துக் கூட்டத்தில் காட்டிய பிறகு இரண்டாவது கடனைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் வெளியார் வாட்சை வாங்கக் கூடாது என்று தீர்மானமே போட்டு வையுங்கள்.

"இது ஆம்பளைங்க வேலை ஆச்சே" என்ற பேச்சும் கூட்டத்தில் வந்தது. கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்கள், அது உண்மை. தொழிற்சாலையில் அப்படி இல்லை. எச்எம்டியிலும் ஓசூர் டைட்டனிலும் வாட்சைக் கோர்த்த கைகளில் பெண்களின் கைகள் ஏராளம். சுவிட்சர்லாந்தில் ஹேர் ஸ்பிரிங்கைச் சரிசெய்து நேரம் வைக்கும் வேலையைப் பல தலைமுறையாகப் பெண்களே செய்தார்கள். அந்த வேலைக்கு அவர்கள் மொழியில் பெண்பால் பெயரே இருந்தது. இவ்வளவு தூரம் போக வேண்டாம். 1990களில் ஓசூர் சுற்று வட்டாரத்தில் மைராடா தொண்டு நிறுவனத்தின் உதவியோடு, நம்மைப் போன்ற குழுப் பெண்கள் 'மெடோ' என்ற பெயரில் சொந்த நிறுவனம் அமைத்து, டைட்டனுக்கு வாட்ச் செயின் கோர்த்துக் கொடுத்தார்கள். வயலில் கூலி வேலை பார்த்த கைகள் அவை.

வெளியார் வாட்சை வாங்கும் நாள் வரும்போது, ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். வாட்சின் பெயர், டயல் நிறம், பின்மூடியில் உள்ள எண், கண்ணாடியில் கீறல், சாவி இருக்கிறதா, ஓடுகிறதா நிற்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்து எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். "நான் கொடுத்தப்ப கீறல் இல்லையே" என்ற சண்டைக்கு இது ஒன்றுதான் மருந்து. "நிச்சயம் ஓட வைப்பேன்" என்று சொல்லாதீர்கள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். திறந்து பார்த்து உங்களால் முடியாது என்று தெரிந்தால், தொடாமல் மூடித் திருப்பிக் கொடுங்கள். அதற்குக் காசு வாங்க வேண்டாம்.

மாமனார் வாட்சோடு வந்த சகோதரிக்கு: அதைப் பஞ்சில் சுற்றி, நாப்தலின் உருண்டை போடாத டப்பாவில், காய்ந்த இடத்தில் வையுங்கள். தண்ணீர் புகுந்த வாட்சாக இருந்தால் மட்டும் வைத்திருக்காமல் உடனே டவுனில் அனுபவப்பட்ட கடையில் காட்டுங்கள். துரு காத்திருக்காது.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அடுத்த தொகுப்புக் கூட்டத்தில் உங்கள் குழு ஊக்குநரிடம் கொடுக்கலாம். வரும்போது நகம் வெட்டி வாருங்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் முதலில் கண் பரிசோதனை செய்து, படிக்கும் கண்ணாடி இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். அஞ்சறைப் பெட்டி அவரவர் வீட்டிலிருந்து.